மரத்துப்போன விரல்களின் வரலாறு

மனித உடலின் உறுப்புகளுள் கைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. உண்பதும் உழைப்பதும் எழுதுவதும் ஈவதும் கையால்தான். அந்தக் கையிலும் பெருவிரலே தலைவன். ஏனைய நான்கு விரல்களையும் எதிர்கொண்டு தொடும் ஆற்றல் அதற்கு வாய்த்திருப்பதால்தான் ஊசியில் நூலைக் கோக்கவும், எழுதுகோலைப் பிடிக்கவும், தஸ்பீஹ் மணிகளை ஒவ்வொன்றாய் உருட்டவும் நம்மால் முடிகிறது. இந்த ஆற்றல் பெருவிரலுக்குள்ளேயே உறைவதன்று. கழுத்தில் முள்ளந்தண்டு வடத்திலிருந்து புறப்பட்டு, அக்குள் வழியாக இறங்கி, முன்கையின் நடுவே ஓடி, மணிக்கட்டிலுள்ள இடுக்கான ஒரு வாயிலைக் கடந்து உள்ளங்கையை அடையும் நரம்பு ஒன்றே அதனைப் பெருவிரலுக்கு வழங்குகிறது. மருத்துவர்கள் அதனை மீடியன் நரம்பு என்பர். நடுநரம்பு என்று நாம் சொல்லலாம்.

அந்த வாயில் நரம்பை நெருக்கும்போது விரல்கள் மரத்துப்போகின்றன. நள்ளிரவில் உறக்கம் கலைகிறது. கையை உதறினால் சற்றுத் தணிகிறது. பின்னர் மறுபடியும் வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர்களான கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் ஆகியவற்றிலும், அறந்தாங்கியிலும், திருமயம் பக்கத்துச் சிற்றூர்களிலும் இவ்வாறு முறையிடும் தாய்மார்களை நாம் கண்டிருக்கிறோம். 'வாதம்' என்பார் ஒருவர், தைலம் தேய்க்கப்படும். 'நரம்புத் தளர்ச்சி' என்பார் மற்றொருவர். சத்து ஊசி போடப்படும். மூன்றாவதாக ஓர் ஐயம் உண்டு. அது யார் வாயிலும் வராது. ஆனால் பலர் உள்ளத்திலும் இருக்கும். தொழுநோயைப் பற்றிய அச்சமே அது. உணர்ச்சி இழந்த விரல் என்ற பேச்சு வெளியே போனால் வீட்டிலுள்ள குமருக்கு மாப்பிள்ளை அமைவது எவ்வாறு என்று அஞ்சி, கையை முந்தானைக்குள் மறைத்தபடியே ஆண்டுகளைக் கழித்தவர்கள் உண்டு.

இம்மூன்றில் எது உண்மை, அல்லது மூன்றுமே பொய்யா என்பதை அறிந்து சொல்ல இன்று ஒரு சோதனை இருக்கிறது. நரம்பின் ஒருபுறம் சிறிதளவு மின்சாரத்தைச் செலுத்தி, அதன் விளைவு மறுபுறம் எத்தனை நேரத்தில் வந்து சேர்கிறது என்று அளக்கும் சோதனை அது. அதனை நரம்புக் கடத்தல் சோதனை என்பர். தசையின் மின்னோட்டத்தை நுண்ணிய ஊசியால் அறியும் சோதனை அதன் துணையாகும். ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரே நாளில் பிறந்த கருவியன்று இது. கிரேக்கரும் அரபியரும் ஐரோப்பியரும் வழிவழியாய் வளர்த்த அறிவு இதன் பின்னே இருக்கிறது. நம் தமிழகத்து மருத்துவமனைகள் இரண்டுக்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு.

சொல்லில் தொடங்கிய குழப்பம்

நம் பேச்சு வழக்கில் 'நரம்பு' என்ற சொல் எத்தனை பொருள்களைச் சுமக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! இரத்தம் ஓடும் குழாயும் நரம்பு. தசையை எலும்போடு பிணைக்கும் கயிறும் நரம்பு. உணர்ச்சியைக் கொண்டு செல்லும் இழையும் நரம்பு. யாழில் கட்டிய தந்தியும் நரம்பு. இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பண்டைக் கிரேக்கரின் 'நியூரான்' என்ற சொல்லும் முதலில் தசைநாணையே குறித்தது. அரபியில் 'அஸப்' என்னும் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. சொல் ஒன்றாயிருக்கும்வரை பொருள்களைப் பிரித்தறிவது கடினம். மணிக்கட்டின் வாயிலிலோ ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் அருகருகே நெருங்கிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் நரம்பு என்று சொல்லிப் பழகிய நாவால் அவற்றுள் நோயுற்றது எது என்று எப்படிச் சொல்ல முடியும்?

நரம்பையும் தசைநாணையும் பிரித்துக் காட்டி, நரம்பை அறுத்தால் அதற்குரிய உறுப்பு செயலிழக்கும் என்பதை விலங்குகளில் சோதித்து நிறுவியவர்களுள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன் முதன்மையானவர். அவரை நம் ஹகீம்கள் ஜாலீனூஸ் என்று அழைப்பர். அவர் எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. சிரியா நாட்டிலிருந்து ரோமாபுரிக்கு வந்த பசானியஸ் என்னும் அறிஞருக்கு இடக்கையின் சிறுவிரல்கள் இரண்டும் நடுவிரலின் பாதியும் மரத்துப்போயின. மருத்துவர்கள் அவ்விரல்களில் மருந்துகளைப் பூசிக்கொண்டிருந்தார்கள், பயன் இல்லை. காலன் அவரை அழைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். வண்டியிலிருந்து விழுந்து மேல்முதுகில் அடிபட்டதை அவர் அப்போதுதான் சொன்னார். விரலில் பூசிய மருந்தை நிறுத்திவிட்டு, நரம்பு புறப்படும் இடத்தில் காலன் மருத்துவம் செய்தார். விரல்களில் உணர்ச்சி மீண்டது.

நோவு தோன்றும் இடம் வேறு, நோய் இருக்கும் இடம் வேறு என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம். தலையணையை மாற்றினால் தலைவலி போய்விடுமா என்று நம் முதியோர் கேட்பார்கள். அக்கேள்வியின் மருத்துவ வடிவமே இது.

காலனின் நூல்கள் அழியாமல் உலகுக்குக் கிட்டியதில் பக்தாதுக்குப் பெரும் பங்குண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவ அறிஞரும் அவரைச் சார்ந்தோரும் அப்பாசியக் கலீபாக்களின் ஆதரவில் அந்நூல்களைச் சிரியாக் மொழிக்கும் அரபிக்கும் பெயர்த்தனர். கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா, தமது 'அல்கானூன் ஃபித்திப்' என்னும் பெருநூலில் மூளையிலிருந்தும் முள்ளந்தண்டு வடத்திலிருந்தும் புறப்படும் நரம்புகளை இணை இணையாக வகுத்துரைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பதினேழாம் நூற்றாண்டு வரை பாடநூலாய்த் திகழ்ந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைய ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் வித்திட்டவர்கள் நம் முன்னோரே என்று கூறி மகிழும் பழக்கம் நம் கட்டுரையாளர் சிலரிடம் உண்டு. மின்சாரத்தால் நரம்பை அளக்கும் கலை இப்னு சீனாவுக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை. அவர் செய்த அருஞ்செயல் வேறு. எந்த உறுப்புக்கு எந்த நரம்பு என்னும் வரைபடத்தைக் கெடாமல் காத்து, ஒழுங்குபடுத்தி, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார். வரைபடம் இல்லாதவன் கையில் அளவுகோல் இருந்து என்ன பயன்? அந்த அளவில் அவர் பெருமை போதுமானது. அதற்கு மேல் ஏற்றிச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

மீனிலிருந்து தவளைக்கு

தொட்டவர் கையை மரக்கச் செய்யும் மீன்களைப் பழங்காலத்தவர் அறிந்திருந்தனர். திருக்கை இனத்தைச் சேர்ந்த அத்தகைய மீன்கள் வங்கக் கடலிலும் உண்டு. நைல் ஆற்றில் வாழும் கெளிறு வகை ஒன்றும் அவ்வாறே அதிர்ச்சி தரும். அதனை அரபியர் 'ரஆத்' என்றனர். இடியைக் குறிக்கும் 'ரஅத்' என்ற சொல்லோடு உறவுடைய பெயர் அது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி எகிப்து நாட்டைப் பற்றி எழுதிய நூலில் இம்மீனைக் குறிப்பிட்டுள்ளார். எனினும் அந்த மரப்பு மின்சாரத்தால் விளைவது என்பதை அறிய உலகம் பதினெட்டாம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

இத்தாலியின் பொலோனா நகரில் உடற்கூற்றுப் பேராசிரியராயிருந்த லூயிஜி கால்வானி, இறந்த தவளையின் கால் நரம்பை மின்சாரம் தீண்டியதும் கால் துடிப்பதைக் கண்டு, 1791இல் அதனை நூலாக வெளியிட்டார். அல்கானூன் பல நூற்றாண்டுகள் பாடமாக ஓதப்பட்ட அதே பொலோனாதான் அது. நரம்பில் ஓடுவது ஏதோ ஒரு நுண்ணிய ஆவி என்ற பழங்கொள்கை அன்றுமுதல் தளரத் தொடங்கியது.

அடுத்த கேள்வி வேகத்தைப் பற்றியது. நரம்புச் செய்தி ஓடும் விரைவை மனிதனால் அளக்கவே இயலாது என்று பெரிய அறிஞர்களே எண்ணியிருந்தனர். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் அதனை அளந்து காட்டினார். தவளையின் நரம்பை முதலில் தசைக்கு அருகிலும், பின்னர்த் தொலைவிலும் தூண்டினார். தசை துடிக்க எடுத்துக்கொண்ட நேரங்கள் இரண்டுக்கும் இடையே மிகச் சிறிய வேறுபாடு இருந்தது. தூரத்தை அந்த நேர வேறுபாட்டால் வகுத்தார். வினாடிக்கு 25 முதல் 40 மீட்டர் அளவில் விடை கிடைத்தது. இன்று மருத்துவமனையில் நம் கையில் செய்யப்படும் சோதனை அடிப்படையில் இந்தக் கணக்கேயன்றி வேறன்று.

அதே காலத்தில் பெர்லினில் டூ புவா ரேமாந்த் என்பவர், மனிதன் தன் கைத்தசையை இறுக்கும்போது மின்னோட்டம் எழுவதைக் கருவியில் காட்டினார். தோல் அம்மின்னோட்டத்தைத் தடுத்ததால், தம் கையின் தோலைக் கொப்புளமாக்கி உரித்துவிட்டுச் சோதித்தார் என்பது வரலாறு. அறிவுக்காகத் தன் உடலையே புண்ணாக்கிக்கொண்ட மனிதர்களும் வாழ்ந்திருக்கிறார்கள்! 1929இல் இங்கிலாந்தில் ஏட்ரியன், பிராங்க் இருவரும் மெல்லிய குழல் ஊசிக்குள் கம்பியைச் செருகித் தசைக்குள் செலுத்தி, அதன் மின்னோட்டத்தை ஒலிபெருக்கியில் கேட்டனர். தசை பேசத் தொடங்கியது அன்றுதான்.

கழுத்தை அறுத்தார்கள், குற்றமோ மணிக்கட்டில்

கருவி ஒருபுறம் வளர, நோயைப் பற்றிய அறிவு மறுபுறம் தடுமாறிக்கொண்டிருந்தது. 1854இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், மணிக்கட்டில் எலும்பு முறிந்து கூடியதால் நடுநரம்பு நசுங்கிய ஒருவரைப் பற்றி எழுதினார். அவருடைய பெருவிரலிலும் அடுத்த இரு விரல்களிலும் ஆறாத புண்கள் இருந்தன. நரம்பின் மேலுள்ள அழுத்தம் தளரும்படி மணிக்கட்டை வளைத்துக் கட்டியபோது புண்கள் ஆறின. கட்டை அவிழ்த்து அவர் கையைப் பயன்படுத்தியதும் மீண்டும் வந்தன. 1880இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் பட்னம், இரவில் கை மரத்து விழிக்கும் முப்பதுக்கு மேற்பட்ட நோயாளரைப் பற்றி விரிவாக எழுதினார். 1913இல் பாரிசில் பியேர் மரீ, ஃபுவா இருவரும் இறந்த ஒருவரின் கைகளை அறுத்துப் பார்த்து, மணிக்கட்டின் குறுக்குத் தசைநாருக்குச் சற்று மேலே நரம்பு பருத்திருப்பதைக் கண்டனர். அந்த நாரை உரிய காலத்தில் வெட்டியிருந்தால் கை பிழைத்திருக்கலாம் என்றும் எழுதினர். அந்தக் குறிப்பைப் பின்வந்தோர் பல்லாண்டுகள் பொருட்படுத்தவில்லை.

பெருவிரலின் அடித்தசை தேய்ந்து வந்த பெண்களுக்கு மருத்துவர்கள் பலர் கழுத்தில் குற்றம் கண்டனர். கழுத்தெலும்பில் சிலருக்கு மிகையாக ஒரு விலா எலும்பு இருக்கும். அதுவே நரம்பை அழுத்துகிறது என்று கருதி அங்கே அறுவை செய்தனர். பசானியசின் மருத்துவர்கள் கழுத்தருகே இருந்த நோயை விரலில் தேடினார்கள். பதினேழு நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள் மணிக்கட்டில் இருந்த நோயைக் கழுத்தில் தேடினார்கள். தவறு தலைகீழாயிற்றேயன்றித் தீரவில்லை.

1933இல் ஜேம்ஸ் லியர்மந்த் மணிக்கட்டு நாரை வெட்டி நரம்பை விடுவித்ததை வெளியிட்டார். 1947இல் லண்டனில் ரசல் பிரெயினும் உடனுழைத்தோரும் ஆறு நோயாளருக்கு இவ்வாறு அறுவை செய்ததை எழுதியபின்னரே மருத்துவ உலகின் கண் திறந்தது. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஃபேலன் 1950 முதல் இந்நோயைப் பற்றித் தொடர்ந்து எழுதி, மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கி வைத்து விரல் மரக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையைப் பரப்பினார். 'கார்ப்பல் டனல்' என்னும் பெயர் ஊரறிந்த பெயராயிற்று. கார்ப்பல் என்றால் மணிக்கட்டைச் சார்ந்தது. டனல் என்றால் சுரங்க வழி.

ஆயினும் மணிக்கட்டுதான், கழுத்தன்று என்பதற்கு ஐயமற்ற சான்று வேண்டுமல்லவா? அதனை 1956இல் எடின்பரோவில் ஜான் சிம்ப்சன் தந்தார். நடுநரம்பை முழங்கையருகே தூண்டிப் பார்த்தார். மணிக்கட்டில் தூண்டிப் பார்த்தார். முன்கை நெடுகிலும் விரைந்தோடிய செய்தி மணிக்கட்டைக் கடக்கும்போது மட்டும் தாமதித்தது. 1958இல் லண்டனில் கில்லியாட், சியர்ஸ் இருவரும், தசை தேய்வதற்கு முன்பே உணர்ச்சி இழைகளில் அத்தாமதம் தெரிவதைக் காட்டினர். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையில் போட்ட கணக்கு நூறாண்டுகள் கழித்து மனிதக் கையின் துயரத்துக்கு விடை சொல்லிற்று.

செங்கற்பட்டும் வேலூரும்

இந்நிலையில் நம் தமிழகம் என்ன செய்துகொண்டிருந்தது? இங்கே மரத்த கை என்றால் பெரும்பாலும் தொழுநோயே நினைவுக்கு வந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த சில காலத்திற்குள், 1947இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே தலைமை வகித்த ராபர்ட் காக்ரேன் அவருக்கு மருத்துவமனையைச் சுற்றிக் காட்டினார். வளைந்து மடங்கிய கைகளை எங்கும் கண்ட பிராண்ட், இக்கைகளுக்கு எந்த அறுவை மருத்துவராவது ஏதாவது செய்திருக்கிறாரா என்று வினவினார். இல்லை என்பதே விடை.

பிராண்டும் அவரோடு உழைத்தோரும் முதலில் கத்தியை எடுக்கவில்லை, கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு நோயாளியின் ஒவ்வொரு கைத்தசையையும் தனித்தனியே சோதித்து, எது வலுவோடிருக்கிறது, எது செயலிழந்திருக்கிறது என்று ஏட்டில் பதிந்தார்கள். மின்கருவி ஏதுமின்றி, மருத்துவரின் விரல் வலிமையை நோயாளியின் விரல் வலிமையோடு பொருதச் செய்து அறிந்த தசைச் சோதனை அது. அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. சில தசைகள் திரும்பத் திரும்பச் செயலிழந்தன; முன்கையின் சில தசைகளோ பெரும்பாலும் தப்பின. செங்கற்பட்டில் இறந்த ஒரு நோயாளியின் உடலை ஆராய்ந்தபோது அதன் காரணம் புலப்பட்டது. நரம்புகள் நெடுகிலும் கெடவில்லை. தோலுக்கு அருகே வரும் குளிர்ந்த இடங்களில் மட்டும் பருத்துக் கெட்டிருந்தன. கையில் அவ்விடங்கள் இரண்டு. ஒன்று முழங்கைக்குச் சற்று மேலே, சிறுவிரலுக்குச் செல்லும் அல்னார் நரம்பு. மற்றொன்று மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நம் நடுநரம்பு.

பாரிசில் மரீயும் ஃபுவாவும் பருமன் கண்ட அதே இடத்தை ஒட்டியே தொழுநோயும் நடுநரம்பைத் தாக்குகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நோய்கள் இரண்டு, இடமோ ஏறத்தாழ ஒன்று. ஆகவேதான் இரண்டையும் பிரித்தறிவது நம் நாட்டில் அத்தனை முக்கியமாகிறது.

தப்பிய தசைகளின் நாண்களை எடுத்துச் செயலிழந்த விரல்களுக்கு மாற்றிக் கட்டும் அறுவையை 1948இல் வேலூரில் பிராண்ட் தொடங்கினார். அதே கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தபின்னும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1949இல் ஜேக்கப் சாண்டி அங்கே நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி அத்துறைப் பணியைத் தொடங்கினார். நரம்பு நோய்க்கென்று தனி மருத்துவர் இருக்கிறார் என்பதே தமிழக மக்களுக்குத் தெரியவந்தது அக்காலத்தில்தான்.

சோதனை நடைபெறும் விதம்

இச்சோதனையைப் பற்றி நம் குடும்பங்களில் வீண் அச்சங்கள் உலவுகின்றன. கரண்ட் வைக்கிறார்கள் என்ற சொல்லே போதும். பாட்டிமார் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார்கள். ஆகவே நடப்பதை உள்ளவாறு சொல்வது நலம்.

முதலில் கை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்த கையில் நரம்பு மெதுவாக ஓடும். நோயில்லாதவரும் நோயாளி போலத் தோன்றுவார். குளிரூட்டிய அறையில் நெடுநேரம் அமர்ந்திருந்தவரின் கையை வெந்நீரிலோ வெப்பத்திலோ சூடாக்கிய பிறகே நல்ல பரிசோதகர் தொடங்குவார். பெருவிரலின் அடியிலுள்ள சதையில் ஒரு சிறு தகடு ஒட்டப்படும். மணிக்கட்டில் நரம்பின் மேல் மின்தூண்டி வைக்கப்படும். சுள்ளென்று ஒரு நொடி; பெருவிரல் தானாகத் துள்ளும். தூண்டலுக்கும் துள்ளலுக்கும் இடைப்பட்ட நேரம் நலமான கையில் ஒரு வினாடியை ஆயிரம் கூறு செய்தால் ஏறத்தாழ நான்கு கூறுக்குள் அடங்கும். அதற்கு மேல் போனால் மணிக்கட்டில் தடை என்று பொருள். முழங்கையருகேயும் தூண்டி, முன்கையில் வேகம் காண்பர். வினாடிக்கு 50 மீட்டரோ அதற்கு மேலோ இருப்பது இயல்பு. பின்னர் விரலின் உணர்ச்சி இழைகளையும் அவ்வாறே அளப்பர்.

அடுத்து அதே கையின் அல்னார் நரம்பையும் அளப்பார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நடுநரம்பு மட்டும் மணிக்கட்டில் தாமதித்து, அல்னார் நரம்பு இயல்பாக ஓடினால், குற்றம் அந்தச் சுரங்க வழியில்தான். கை கால் நரம்புகள் யாவுமே மெதுவாக ஓடினால் நீரிழிவு போன்ற உடல் முழுமைக்குமான காரணத்தைத் தேட வேண்டும். முழங்கையருகே அல்னார் நரம்பு கெட்டு, தொட்டால் கயிறு போல் பருத்திருந்து, உடலில் உணர்ச்சியற்ற தேமலும் காணப்பட்டால் தொழுநோய்க்கான சோதனை உடனே தேவை. விரலில் உணர்ச்சி இழைகள் நலமாயிருந்தும் விரல் மரத்தால் கழுத்தை நோக்க வேண்டும். ஒரு கையில் இரண்டு நரம்பை அளப்பதால் இத்தனை நோய்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துவிடுகின்றன.

தசை எவ்வளவு கெட்டிருக்கிறது என்றறிய ஊசிச் சோதனை செய்வதுண்டு. ஓய்வில் இருக்கும் நலமான தசை மௌனமாயிருக்கும். நரம்பை இழந்த தசையோ ஓய்விலும் சிறு சிறு ஒலிகளை எழுப்பும். தகரக் கூரையில் மழைத்துளி விழுவது போன்றது அவ்வொலி என்று மருத்துவர்கள் கூறுவர். அந்த ஒலி கேட்டால் இனித் தாமதிக்கலாகாது என்று பொருள்.

சோதனைக்கும் எல்லை உண்டு. தொடக்க நிலையில் சிலருக்கு நோய் இருந்தும் அளவுகள் இயல்பாகவே வரும். ஆதலால் காகிதத்தில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நோயாளியின் சொல்லைத் தள்ளும் மருத்துவமும் முழுமையன்று. காலன் பசானியசிடம் கேட்ட கேள்விகளை இன்றைய மருத்துவரும் கேட்டாக வேண்டும். இதயத்துக்கு மின்கருவி பொருத்தியவர்கள் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

புதுக்கோட்டையின் கைகள்

புதுக்கோட்டை 1948 மார்ச் 3ஆம் நாள் வரை தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானமாக இருந்தது. அன்று சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமாயிற்று. மருத்துவ வரலாற்றில் இம்மண்ணுக்குப் பெருமை உண்டு. 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பெண்களுக்கு வழிகாட்டினார். எனினும் மாவட்டத்துக்கென்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரி 2017இல்தான் வந்தது. அதுவரை நுண்ணிய சோதனை எதுவானாலும் திருச்சிக்கோ தஞ்சைக்கோ மதுரைக்கோ போக வேண்டும்; அல்லது வேலூருக்கு இரயில் ஏற வேண்டும். விரல் மரப்புக்காக அத்தனை தூரம் போவார் யார்?

இம்மாவட்டமோ கைகளால் வாழும் மாவட்டம். கல்லுடைக்கும் பெண்கள், ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து உடைப்போர், செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவோர், கடற்கரையில் வலை பின்னுவோர், வீட்டுக்குள் தையல் இயந்திரத்தோடும் இடியாப்ப உரலோடும் பொழுதைக் கழிப்போர் என யாவருக்கும் மூலதனம் மணிக்கட்டே. இறுகப் பிடித்து, மடக்கி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொழில்களில் இந்நோய்க்கு இடம் மிகுதி. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். கருவுற்ற காலம், தைராய்டுக் குறை, நீரிழிவு, மூட்டு அழற்சி ஆகியவையும் இதனை வரவழைக்கும். நீரிழிவு இல்லாத வீடு அரிதாகிவிட்ட நம் குடும்பங்களில் இதனை அலட்சியம் செய்யலாகாது.

1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதனை முன்னின்று நடத்தினார். பல்லாயிரம் பெண்கள் எழுத்தறிந்தனர். சைக்கிள் ஓட்டக் கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். கைநாட்டு வைத்த பெருவிரல் பேனாவைப் பிடித்தது அன்று. அவ்வாறு வெளிச்சம் பெற்ற பெருவிரல் மணிக்கட்டின் ஓர் இடுக்கில் நசுங்கித் தேய்வதை வாளாவிருந்து பார்ப்பது முறையாகுமா?

அச்சத்தின் சட்டமும் மாறிற்று

தொழுநோய் பற்றிய அச்சம் வெறும் ஊர்ப்பேச்சாக மட்டும் இருந்ததில்லை, சட்டத்திலும் இருந்தது. 1898இன் தொழுநோயாளர் சட்டம் அவர்களைப் பிரித்து அடைக்க இடமளித்தது. 1939இன் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவனுக்குத் தொழுநோய் இருந்தால் மனைவி மணமுறிவு கோரலாம் என்றது. பிற சமயத்தாரின் திருமணச் சட்டங்களிலும் இதுபோன்ற விதிகள் இருந்தன. பல மருந்துக் கூட்டு மருத்துவத்தை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. அதன் பின்னர் தொழுநோய் குணமாகும் நோயாயிற்று. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே அது குறைந்துவிட்டதாக இந்தியா 2005இல் அறிவித்தது. 1898இன் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. 2019இல் நாடாளுமன்றம், முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் உள்ளிட்ட ஐந்து சட்டங்களிலிருந்து தொழுநோயை ஒரு காரணமாகக் காட்டும் சொற்களை அகற்றியது.

சட்டம் மாறிய பின்னரும் மனம் மாறவில்லையென்றால் யாருக்கு இழப்பு? கையை மறைக்கும் பெண்ணுக்கு இரு வழியிலும் இழப்பே. அவளுக்கு இருப்பது மணிக்கட்டு நெருக்கமானால், தொடக்கத்தில் இரவில் கட்டும் ஒரு மணிக்கட்டுப் பட்டையோ, ஓர் ஊசி மருந்தோ பெரும்பாலும் போதும். முற்றினால் சிறிய அறுவை ஒன்று நரம்பை விடுவிக்கும். அவளுக்கு இருப்பது தொழுநோயே எனினும், அதற்கு அரசு மருத்துவமனையில் இலவச மருந்து உண்டு. காலத்தே தொடங்கினால் கை ஊனமாகாது. இரண்டில் எதுவாயினும் மறைப்பதற்குக் காரணம் இல்லை. விரைவதற்கே காரணம் உண்டு. ஏனெனில் நசுங்கிய நரம்பு சில காலம் பொறுக்கும். பெருவிரலின் அடித்தசை தேய்ந்து பள்ளமாகிவிட்டால், பின்னர் நாரை வெட்டினாலும் பழைய வலிமை முழுதும் மீள்வது அரிது.

எனவே நம் குடும்பத்துப் பெரியோர் வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை சில. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துச் சிறுவிரல் தப்பியிருக்கிறதா? இரவில் மரப்பு எழுப்புகிறதா? கையிலிருந்து டம்ளர் நழுவுகிறதா? இரு கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றில் பெருவிரல் மேடு வற்றியிருக்கிறதா? இவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரிடம் சென்று, நரம்புச் சோதனை தேவையா என்று கேட்பது கடமை. வாப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் வண்டி வைத்து ஓடுகிறோம். உம்மாவின் கை மரத்தால் மட்டும் தைலப் புட்டியை நீட்டிவிட்டு இருந்துவிடுகிறோம். அவர் சமைத்த சோற்றை உண்டு வளர்ந்த நமக்கு அந்தக் கையை ஒருநாள் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேரமில்லை என்று சொல்ல உரிமை இல்லை.